இறங்கிய இஎஸ்ஆர்: இருபத்து மூன்றாம் நாள் காய்ச்சல்

சிங்கப்பூரில் நான் பணியாற்றும் மருத்துவப் பிரிவில் சிகிச்சை பெற்ற ஒரு கட்டுமான ஊழியரின் நோய் வரலாறு இது. அவருடைய ஒப்புதலுடன், அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கி எழுதுகிறேன். காய்ச்சலின் 23ஆம் நாள் காலையில், உடலின் அழற்சியைக் காட்டும் ரத்த அளவான இஎஸ்ஆர் அவருக்கு 104இலிருந்து 38க்கு இறங்கியிருந்தது. காலைச் சுற்றில் அதை நல்ல செய்தி என்று குறித்துக்கொண்டோம். அன்று மாலைக்குள் அவரைத் தீவிர கண்காணிப்புக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அந்த ஒரு நாளைப் பற்றி எழுதவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் முன்னே நடந்தவற்றைச் சொல்லாமல் அது விளங்காது.

வந்தபோது

வயது 29. காவிரிப் பாசனப் பகுதிக்காரர். துவாஸ் பக்கம் ஊழியர் தங்குவிடுதியில் தங்கி, கட்டடங்களுக்கு அடித்தளத் தூண் இறக்கும் இடத்தில் வேலை பார்த்தார். சேறும் தேங்கிய நீரும் அன்றாடம். நீரிழிவு இல்லை. பதினைந்து நாள்களாகக் காய்ச்சல், விழுங்கமுடியாத தொண்டை வலி, மணிக்கட்டுகளிலும் முழங்கால்களிலும் வலி. மூட்டு வலியை அவர் முதலில் சொல்லவே இல்லை. வேலைக்கு ஆகமாட்டார் என்று ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். ஊரில் வீடு கட்டிய கடன் பாதிதான் அடைந்திருந்தது. இந்தப் பயத்தை எந்த ஆய்வுக்கூடமும் அளந்து தராது. ஆனால் நோயறிதல் ஒரு வாரம் தள்ளிப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஐந்தாம் நாளில் அவர் ஒரு மருந்தகத்துக்குப் போயிருந்தார். விடுதிக்கு அருகில் அப்போது டெங்கி பரவியிருந்தது. 2020இல் மட்டும் 35,000 பேருக்கு மேல் டெங்கி கண்ட ஊர் இது. காய்ச்சல் என்றதும் கை அந்தச் சோதனைக்குப் போவது இயல்பு. விரைவுச் சோதனையில் என்எஸ்1 இல்லை, தொற்றை எதிர்த்து உடல் செய்யும் எதிர்ப்பொருள்களில் ஐஜிஎம் மங்கலாகத் தெரிந்தது, ஐஜிஜி தெளிவாகத் தெரிந்தது. டெங்கி, குணமாகும் கட்டம் என்று எழுதி, பனடோல் காய்ச்சல் மாத்திரையும் மூன்று நாள் எம்.சி. எனும் மருத்துவ விடுப்பும் கொடுத்து அனுப்பினார்கள்.

அந்த மருத்துவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என்எஸ்1 என்பது டெங்கி வைரஸ் பெருகும்போது ரத்தத்தில் கலக்கும் புரதம். காய்ச்சலின் முதல் சில நாள்களில் அகப்படும், பிறகு மறையும். இரண்டாம் முறை டெங்கி வந்தவர்களிடம் இன்னும் சீக்கிரமாக மறைந்துவிடும். ஆகவே ஐந்தாம் நாளில் என்எஸ்1 இல்லாமல் ஐஜிஎம் இருப்பது டெங்கிக்குப் பொருந்தாத படம் அல்ல. பொருந்தாதது அதே தாளின் கீழ்ப்பகுதியில் இருந்தது. வெள்ளணுக்கள் 15,800, தட்டணுக்கள் நான்கு லட்சத்துக்கு மேல். டெங்கியில் இவை இரண்டும் குறைய வேண்டும். விலை மலிந்த, தினமும் பார்த்துப் பழகிய ரத்த அணு எண்ணிக்கைதான் அன்றைக்கு உரக்கப் பேசியது. பளிச்சென்று தெரிந்த கோட்டின் பக்கம் கவனம் போய்விட்டது.

அந்த ஐஜிஎம் எங்கிருந்து வந்தது என்பது மருத்துவமனையில் சேர்ந்த மூன்றாம் நாள் தெரிந்தது. இரண்டு மாதங்களுக்கு முன் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தபோது காய்ச்சல் வந்ததா என்று கேட்டேன். "வந்தது டாக்டர். நாலு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். தட்டணு குறைந்துவிட்டது என்றார்கள்" என்றார். ஐஜிஎம் ஏறத்தாழ ஐந்தாம் நாளில் தலைகாட்டி, இரண்டு மூன்று மாதங்கள் வரை ரத்தத்தில் தங்கக்கூடியது. அவருடைய ஐஜிஎம் ஊரில் வந்த டெங்கியின் மிச்சம். டெங்கி வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் பிசிஆர் சோதனையிலும் ஒன்றும் கிடைக்கவில்லை. பத்து நாள் கழித்து மறுபடி பார்த்தபோது எதிர்ப்பொருளின் அளவு ஏறவில்லை.

எதிர்ப்பொருள் சோதனை கடந்த காலத்தைப் பற்றிய சாட்சி. அந்தக் கேள்விக்கு அது அருமையாகப் பதில் சொல்லும். 2020 பிப்ரவரியில் டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியின் ஆய்வாளர்கள், கொவிட்-19இலிருந்து ஏற்கெனவே குணமாகிவிட்டவர்களின் ரத்தத்தில் எதிர்ப்பொருளைக் கண்டுபிடித்து, தொடர்பே இல்லாதவைபோல் தெரிந்த இரண்டு தொற்றுக் குழுமங்களுக்கு இடையே இருந்த பாலத்தைக் காட்டினார்கள். அங்கே கேட்ட கேள்வி, இவருக்கு முன்பு தொற்று இருந்ததா என்பது. எங்கள் நோயாளியிடம் கேட்கவேண்டியிருந்ததோ, இன்று காய்ச்சலை உண்டாக்குவது எது என்பது.

முதல் வாரம்

சேர்க்கும்போது வெப்பநிலை 39.8. வெள்ளணுக்கள் 19,400, அவற்றில் நியூட்ரோபில் 88 விழுக்காடு. தட்டணுக்கள் 4,62,000. ஹீமோகுளோபின் 11.2. கல்லீரல் நொதிகள் இயல்பைப்போல் மூன்று மடங்கு. அழற்சியின் அளவுகளான சிஆர்பி லிட்டருக்கு 214 மில்லிகிராம், இஎஸ்ஆர் 104, புரோகால்சிடோனின் 1.1.

இந்த எண்களைப் பார்க்கும் எவரும் பாக்டீரியா என்றே சொல்வார்கள். நாங்களும் சொன்னோம். சிஆர்பி 1930இல் நியூயார்க்கில் டில்லெட், பிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தநீரில் கண்ட புரதம். நிமோகாக்கஸ் கிருமியின் 'சி' எனும் சர்க்கரைப் பொருளோடு ஒட்டியதால் அந்தப் பெயர். தொற்றில் முதலில் கண்டதாலோ என்னவோ, அதைத் தொற்றின் அடையாளமாகவே எண்ணும் பழக்கம் இன்றும் நம்மிடம் இருக்கிறது. உண்மையில் அது கல்லீரல் செய்யும் புரதம். இன்டர்லூக்கின்-6 என்ற சமிக்ஞை வந்தால் கல்லீரல் அதைச் செய்யும். அந்தச் சமிக்ஞையைக் கிருமி எழுப்பியதா, கிருமியே இல்லாமல் உடல் தானாக எழுப்பிக்கொண்டதா என்று கல்லீரலுக்குத் தெரியாது. புரோகால்சிடோனின் பாக்டீரியாத் தொற்றில் அதிகம் ஏறும் என்பது மெய்தான். ஆயினும் கடும் அழற்சி நோய்கள் சிலவற்றில் கிருமி ஏதும் இல்லாமலே 1ஐத் தாண்டுவதுண்டு.

சேற்றில் நின்று வேலை செய்பவர் என்பதால் எங்கள் முதல் அச்சம் மெலியோய்டோசிஸ். மண்ணிலும் நீரிலும் வாழும் பர்கோல்டேரியா சூடோமாலியை என்ற பாக்டீரியா உண்டாக்கும் நோய் அது. பெருமழைக்குப் பின் இங்கே தலைதூக்கும், கண்டால் சுகாதார அமைச்சுக்குத் தெரிவிக்கவேண்டும். அதற்கும் எதிர்ப்பொருள் சோதனை உண்டு. ஆனால் அந்தக் கிருமி மண்ணில் இருக்கும் நாடுகளில் நோயே வராதவர்களிடமும் அந்த எதிர்ப்பொருள் இருக்கும். ஆதலால் கிருமியை வளர்த்துப் பார்ப்பதே வழி. ரத்தம், சிறுநீர், தொண்டைச் சளி எல்லாவற்றையும் வளர்ப்புக்கு அனுப்பினோம். எதிலும் வளரவில்லை. மலேரியாவுக்காக மூன்று முறை ரத்தப்பூச்சு பார்த்தோம். டைஃபாய்டு, உண்ணிக் காய்ச்சல், எலிக்காய்ச்சல், எச்ஐவி எதுவும் இல்லை. இதய வால்வுகள் சுத்தமாக இருந்தன. சிடி படத்தில் மண்ணீரல் பெருத்திருந்தது, கழுத்திலும் அக்குளிலும் நிணநீர்க் கணுக்கள் வீங்கியிருந்தன, சீழ்க்கட்டி எங்கும் இல்லை. கிருமிக்கொல்லி மருந்தை இரண்டு முறை மாற்றினோம், கடைசியாக மெரோபெனம். காய்ச்சல் நிற்கவில்லை.

இடையில் காசநோய்க்கான இன்டர்ஃபெரான்-காமா சோதனை நேர்மறை என்று வந்தது. அது எங்கள் குழுவை இரண்டாகப் பிரித்துவிட்டது. நோயாளியின் ரத்தத்தைக் காசநோய்க் கிருமியின் இரண்டு புரதங்களோடு கலந்து வைத்தால், அந்தப் புரதங்களை முன்பே கண்ட டி அணுக்கள் இன்டர்ஃபெரான்-காமாவைச் சுரக்கும். அதை அளப்பதுதான் சோதனை. குழந்தைப் பருவத்தில் போட்ட பிசிஜி தடுப்பூசியால் இது ஏமாறாது. பழைய தோல் ஊசிச் சோதனையைவிட இந்த வகையில் மேல். ஆனால் கிருமி உள்ளே உறங்குகிறதா, விழித்துத் தின்னுகிறதா என்பதை அது பிரித்துச் சொல்லாது. காசநோய் மிகுந்த ஊரில் பிறந்து வளர்ந்தவரிடம் அது நேர்மறையாக வந்ததில் வியப்பே இல்லை. காசநோய் மருந்தை உடனே தொடங்கலாம் என்றார் என் சக மருத்துவர் ஒருவர். கணுவிலிருந்து திசு எடுத்துப் பார்த்த பிறகு முடிவெடுக்கலாம் என்றேன் நான். ஒரு முழு மாலை இதற்கே போயிற்று. அந்த வாக்குவாதம் வீண் என்று நான் நினைக்கவில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

இரவுப் படம்

நோயின் பெயர் நோயாளியின் அறைத்தோழரிடமிருந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை தேக்கா கடைத்தெருவிலிருந்து பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தவர், இரவுப் பணித் தாதியிடம் பேச்சுக்கொடுத்திருக்கிறார். தாதியும் தமிழ்நாட்டுக்காரர். "அக்கா, சாயங்காலம் ஆனால் இவனுக்கு உடம்பெல்லாம் தடிப்பு வருகிறது. விடிந்தால் காணாமல் போய்விடுகிறது. டாக்டர் வரும்போது காட்ட எதுவும் இருப்பதில்லை" என்று சொல்லி, விடுதியில் தாம் எடுத்து வைத்திருந்த படத்தைக் கைப்பேசியில் காட்டினார்.

நாங்கள் சுற்று வருவது காலை எட்டு மணிக்கு. பாடநூல்கள் இந்தத் தடிப்பை இளஞ்சிவப்பு என்று வருணிக்கும், வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதிய வருணனை அது. கறுத்த தோலில் அது இலேசான செம்பழுப்பாக, எண்ணெய் பட்ட இடம்போல் தெரியும், விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் கண்ணுக்குப் புலப்படும். அன்று இரவு ஒன்பது மணிக்குப் போய்ப் பார்த்தேன். முதுகிலும் மேற்கையிலும் தடிப்பு இருந்தது. சொறிந்த இடத்தில் கோடாக எழும்பியிருந்தது. காய்ச்சல் 40ஐத் தொட்டிருந்தது. அதிகாலை மூன்று மணிக்கு 36.8. ஆறு மணிக்கு ஒருமுறை என்று கொடுத்துவந்த பனடோலை நிறுத்திவிட்டு வெப்பநிலைப் படத்தை வரைந்ததும் அந்த ஏற்ற இறக்கம் மலையும் பள்ளமுமாகத் தெரிந்தது. அதுவரை நாங்களே அதை மருந்தால் மழித்து வைத்திருந்தோம்.

அன்றிரவே, இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டினின் அளவைக் கேட்டோம். 14,800. இயல்பு மேல்வரம்பு சில நூறுதான்.

வயதுவந்தோர் ஸ்டில் நோய் என்ற பெயரை அப்போதுதான் தாளில் எழுதினோம். ஜார்ஜ் ஸ்டில் 1897இல் குழந்தைகளிடம் கண்டு எழுதியதை ஒத்த நோயை, எரிக் பைவாட்டர்ஸ் 1971இல் வயதுவந்த 14 பேரிடம் விவரித்தார். கிருமி இல்லாமலே உள்ளார்ந்த நோயெதிர்ப்பு அமைப்பு பற்றிக்கொள்ளும் நோய் இது. இன்டர்லூக்கின்-1, 6, 18 ஆகியவை பெருகும். மற்ற மூட்டுநோய்களில் தேடும் எதிர்ப்பொருள்களான முடக்குவாதக் காரணியும் ஏஎன்ஏவும் இவருக்கு இல்லை, இந்த நோயில் இல்லாமல் இருப்பதே வழக்கம். 1992இல் யமகுச்சி குழுவினர் வகுத்த அளவுகோலில் ஒரு வாரத்துக்கு மேல் 39ஐத் தாண்டிய காய்ச்சல், இரண்டு வார மூட்டு வலி, தடிப்பு, நியூட்ரோபில் மிகுந்த வெள்ளணுப் பெருக்கம் என்ற நான்கு முதன்மைக் குறிகளும் இவருக்குப் பொருந்தின. ஆனால் அதே அளவுகோல் தொற்றையும் புற்றுநோயையும் முதலில் விலக்கச் சொல்கிறது. ஃபெரிட்டின் அந்த அளவுகோலில் இல்லவே இல்லை. அது ஒரு நோயின் முத்திரை அல்ல. கடும் டெங்கியிலும், கல்லீரல் செயலிழப்பிலும், லிம்ஃபோமா எனும் நிணநீர்ப் புற்றுநோயிலும் ஆயிரக்கணக்கில் ஏறும். கணுத் திசுவின் முடிவு வரும்வரை ஸ்டீராய்டைத் தொடங்காமல் காத்திருந்தோம்.

23ஆம் நாள்

அந்தக் காத்திருப்பில்தான் இஎஸ்ஆர் 38 வந்தது. வெள்ளணுக்கள் 19,400இலிருந்து 4,600. தட்டணுக்கள் 1,31,000. மெரோபெனம் தொடங்கி இரண்டு நாள் ஆகியிருந்ததால், மருந்து வேலை செய்கிறது என்ற எண்ணம் உடனே எழுந்தது. வெள்ளணு இயல்பு, இஎஸ்ஆர் பாதிக்கும் கீழ். குறிப்பேட்டில் "முன்னேற்றம்" என்று எழுதியது என் கைதான்.

காய்ச்சல் மட்டும் இறங்கவில்லை. சிஆர்பியும் 190இலேயே நின்றது. அதைப் பார்த்தும் பார்க்காமல் கடந்துவிட்டேன். பிற்பகலில் அதே தாதி வந்து, பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வடிகிறது, அவர் காலையிலிருந்து சரியாகப் பேசவில்லை என்றார். அப்போதுதான் எண்களைத் தனித்தனியாக அல்லாமல் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தேன்.

இஎஸ்ஆர் என்பது சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் குழாயில் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகின்றன என்ற அளவு. சிவப்பணுக்கள் எதிர் மின்னேற்றத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொள்ளும். அழற்சியில், ரத்தம் உறைய உதவும் புரதமான ஃபைப்ரினோஜன் பெருகினால் அந்தத் தள்ளல் தளர்ந்து, அவை காசு அடுக்கியதுபோல் ஒட்டிக்கொண்டு வேகமாக இறங்கும். ஆகவே இஎஸ்ஆர் குறைய இரண்டு வழிகள் உண்டு. அழற்சி அடங்கி ஃபைப்ரினோஜன் மெல்ல இயல்புக்குத் திரும்பலாம், அதற்கு வாரக்கணக்கு ஆகும். அல்லது அழற்சி கட்டுமீறி, ஃபைப்ரினோஜன் உற்பத்தியாவதைவிட வேகமாக அழிக்கப்படலாம். சிஆர்பிக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 19 மணி நேரம். அழற்சி அடங்கியிருந்தால் இஎஸ்ஆருக்கு முன்பே சிஆர்பி சரிந்திருக்கும். சிஆர்பி நின்ற இடத்தில் நிற்க, இஎஸ்ஆர் மட்டும் சில நாள்களில் சரிவது குணமாகும் உடலில் நடக்காத காரியம்.

ஃபைப்ரினோஜன் லிட்டருக்கு 1.3 கிராம். டிரைகிளிசரைடு எனும் ரத்தக் கொழுப்பு 4.1. கல்லீரல் நொதியான ஏஎஸ்டி 410. ஃபெரிட்டின் 62,000. மேக்ரோஃபேஜ் எனும் விழுங்கணுக்கள் வெறிகொண்டு சொந்த ரத்த அணுக்களையே விழுங்கத் தொடங்கியிருந்தன. இதை மேக்ரோஃபேஜ் கிளர்ச்சி நோய்த்தொகுதி என்பார்கள். தாமதித்தால் உயிர் போகும்.

குழந்தைகளுக்கு வரும் ஸ்டில் நோயில் இந்தக் கிளர்ச்சியைக் கண்டறிய 2016இல் ஐரோப்பிய, அமெரிக்க மூட்டுநோய் அமைப்புகள் சேர்ந்து ஓர் அளவுகோல் வெளியிட்டன. அதில் தட்டணு வரம்பு 1,81,000, ஃபைப்ரினோஜன் வரம்பு 3.6 கிராம். இரண்டுமே நலமாக இருப்பவரிடம் இயல்பான எண்கள். ஆய்வுக்கூடக் கணினி அவற்றுக்குச் சிவப்புக் குறி போடாது. ஆனால் ஸ்டில் நோய் எரியும் உடலில் தட்டணு நான்கு லட்சத்துக்கு மேலும், ஃபைப்ரினோஜன் ஐந்து ஆறு கிராமும் இருக்கவேண்டும். அந்த உடலில் "இயல்பு" என்பது பாதி வீழ்ச்சி. அன்று காலை வெள்ளணு 4,600 என்பதை நான் இயல்பு என்று வாசித்தேன். சேர்ந்தபோது அது 19,400 என்பதை அருகில் வைத்து வாசிக்கவில்லை.

சிகிச்சை

எலும்பு மஜ்ஜையில் அணுக்களை விழுங்கிய மேக்ரோஃபேஜ்கள் தெரிந்தன. புற்றணுக்கள் இல்லை. மஜ்ஜையிலும் கணுத் திசுவிலும் காசநோய்க்கான பிசிஆரில் ஒன்றும் கிடைக்கவில்லை. அன்றிரவே மெத்தில்பிரெட்னிசோலோன் எனும் ஸ்டீராய்டை நாளுக்கு ஒரு கிராம் என்று மூன்று நாள் கொடுத்தோம், உடன் நோயெதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. அதற்குப் பின் நடந்ததைப் புதிய மாணவர்களிடம் நான் தவறாமல் சொல்வதுண்டு: உடல் தேறத் தேற அவருடைய இஎஸ்ஆர் 38இலிருந்து 70க்கு ஏறியது. ஃபைப்ரினோஜன் திரும்பி வந்துகொண்டிருந்தது. பிறகுதான் இரண்டும் சேர்ந்து மெல்ல இறங்கின.

உறங்கும் காசநோய்க்கு மருந்து தேவைப்பட்டது, ஏனெனில் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகள் அதை எழுப்பிவிடும். நான்கு மாத ரிஃபாம்பிசின் வசதியான வழி. ஆனால் அது கல்லீரல் நொதிகளை முடுக்கி, சைக்ளோஸ்போரினையும் ஸ்டீராய்டையும் ரத்தத்திலிருந்து விரைவில் கழித்துவிடும். அதனால் கல்லீரல் தேறும்வரை பொறுத்து, ஐசோனியசிட் ஒன்பது மாதம் என்று முடிவு செய்தோம். எம்.சி. நாள்கள், வேலை அனுமதி, காப்பீடு ஆகியவற்றை மருத்துவமனைச் சமூகப்பணியாளர் முதலாளியிடம் பேசித் தீர்த்தார். அவர் பேசிமுடித்த நாளில்தான் நோயாளி எங்களிடம் எல்லா வலிகளையும் ஒளிக்காமல் சொல்லத் தொடங்கினார்.

ஆறாம் மாதம்

ஸ்டீராய்டைக் குறைத்தபோது மூட்டு வலி திரும்பியதால், இன்டர்லூக்கின்-6இன் வழியை அடைக்கும் டோசிலிசுமாப் ஊசியைத் தொடங்கினோம். வலி போயிற்று. சிஆர்பியும் 1க்குக் கீழே போய் அங்கேயே நின்றது. அது நின்றதற்குக் காரணம் உடல்நலம் மட்டுமல்ல. கல்லீரலுக்குச் சமிக்ஞை போகும் கதவையே அடைத்துவிட்டோம்.

ஆறாம் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, இருமல் இருக்கிறது, படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று வந்தார். வெப்பநிலை 37.4. சிஆர்பி 0.8. அந்த எண்ணை ஒதுக்கிவிட்டு மார்புப் படம் எடுக்கச் சொன்னேன். வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் நிமோனியா இருந்தது. அன்று மாலையே கிருமிக்கொல்லி தொடங்கி, ஊசியை நிறுத்திவைத்தோம். சளியில் காசநோய் இல்லை. பத்து நாளில் தேறிவிட்டார்.

அதன் பிறகு ஒரு சின்ன அட்டையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுத்தேன்: "இவர் டோசிலிசுமாப் எடுத்துக்கொள்கிறார். காய்ச்சலும் சிஆர்பியும் இல்லாவிட்டாலும் கடும் தொற்று இருக்கக்கூடும். மார்புப் படமும் நுண்ணுயிர் வளர்ப்பும் செய்யவும். தட்டணு, ஃபெரிட்டின், ஃபைப்ரினோஜன் ஆகியவற்றை முந்தைய எண்களோடு ஒப்பிடவும்." அடியில் அவருடைய கடைசி மூன்று மாத எண்கள். அடுத்த முறை வந்தபோது பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அறைத்தோழர் அதைத் தேக்காவில் ஒரு கடையில் நெகிழி உறை போட்டுக் கொடுத்திருந்தார். வேலை அனுமதி அட்டைக்குப் பின்னால், அதே உறைக்குள் வைத்திருக்கிறார். எண்களுக்கான இடம் நிறைந்துவிட்டதால், புது அட்டை ஒன்று எழுதித் தரச் சொன்னார்.